கணினித் திட்டத்துக்கும் குடிமராமத்து வேண்டும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் முகநூல் பக்கத்தில் அடிக்கடி ஒரே மாதிரியான படங்கள் வருகின்றன. ஏதோ ஓர் அரசுப் பள்ளி. புதிதாகத் திறன்பலகை மாட்டியிருப்பார்கள், அல்லது கணினி அறை திறந்திருப்பார்கள். ரிப்பன், தட்டில் கத்திரிக்கோல், சால்வை, பின்னால் எட்டிப் பார்க்கும் பிள்ளைகள். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. விருப்பம் போட்டுவிட்டுக் கீழே ஒரு கேள்வி எழுதுவேன்: "வாழ்த்துகள். ஐந்தாம் வருஷம் இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

சிலருக்கு இதில் வருத்தம். "சார்வாளுக்கு எதிலயும் குறைதான்" என்று ஒரு நண்பர் எழுதினார். ஆனால் பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் தனியாகச் செய்தி அனுப்பினான். "சார், இந்தக் கேள்விய எங்க ஆபீஸ்லயும் யாரும் கேக்க மாட்டேங்காங்க. விரிவா எழுதுங்க." அவன் கேட்டதற்காகத்தான் இந்தப் பதிவு.

எனக்கு மென்பொருள் தெரியாது. ஆசிரியர் பயிற்சி முடித்து, ஒன்றியப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆனால் திட்டங்கள் வருவதையும் போவதையும் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அதில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. ஒரு கணினித் திட்டம் நிலைக்குமா என்பது திறப்பு விழாவில் தெரியாது. இயந்திரம் முதல் தடவை பழுதாகும் நாளில்தான் தெரியும். அன்றைக்கு அதைச் சரிசெய்ய ஆள், காசு, அதிகாரம் மூன்றும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருக்கிறதா? இருந்தால் திட்டம் பிழைக்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த அறைக்குப் பூட்டுதான்.

இதைப் புரிந்துகொள்ள நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். நம் ஆற்றைப் பார்த்தால் போதும்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாகச் சொன்ன ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. மற்றவை அதற்கும் முந்தியவை. அவற்றிலிருந்து பிரியும் பதினோரு கால்வாய்களில்தான் இன்றும் நம் நெல் விளைகிறது. இத்தனை நூற்றாண்டு இவை நின்றதற்குக் கல்லும் சுண்ணாம்பும் மட்டும் காரணமில்லை. தண்ணீர் திறக்கும் முன்னால் கால்வாய் தூர்வாரியிருக்க வேண்டும், மடை பழுது பார்த்திருக்க வேண்டும், யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைக்க ஒரு நீர்பாய்ச்சி இருக்க வேண்டும். ஊர் சேர்ந்து செய்த இந்த வேலைக்குத்தான் குடிமராமத்து என்று பெயர். 2017ல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டமே கொண்டுவந்தது. அந்த ஏற்பாடு தளர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால், மேலப்பாளையம் பக்கம் பாளையங்கால்வாயை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அணைக்கட்டு அப்படியே நிற்கிறது. கால்வாயில் சாக்கடையும் ஆகாயத்தாமரையும்.

கட்டுவது ஒரு வேலை, காப்பது இன்னொரு வேலை. முதலாவதற்குக் கல்வெட்டு வைப்போம். இரண்டாவதற்கு ஆளே வைக்க மாட்டோம். கணினித் திட்டங்களிலும் இதே கதைதான்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பெயரோ, கணினி கொடுத்தவர்களின் பெயரோ வேண்டாம், ஏனென்றால் இது ஒரு பள்ளியின் கதை மட்டுமல்ல. ஐந்து கணினிகள் வந்தன. பிள்ளைகள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி போவார்கள். இரண்டு வருஷம் நன்றாக ஓடியது. பிறகு யு.பி.எஸ். பேட்டரி போயிற்று. அடுத்து ஒரு மவுஸ். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டால், "அண்ணாச்சி, அது இப்ப எங்க காண்ட்ராக்ட்ல இல்ல" என்றார்கள். மவுஸ் கடையில் இருநூற்றைம்பது ரூபாய். நாங்களே காசு போட்டு வாங்கத் தயார். ஆனால் பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறியது. மாற்றினால் பழையதை எப்படிக் கணக்கில் காட்டுவது? தணிக்கையில் கேள்வி வந்தால்? பேட்டரியைக் கழிவு செய்ய யாரிடம் அனுமதி? கடிதம் மேலே போனது, பதில் வரவில்லை. கடைசியில் ஐந்து கணினிக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு அறையைப் பூட்டினார்கள். பிறகு வந்த பிள்ளைகள் அந்த அறையை ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். காசு இல்லாமல் அந்த அறை பூட்டப்படவில்லை. இருநூற்றைம்பது ரூபாய் செலவழிக்கும் அதிகாரம் யாரிடமும் இல்லாததால் பூட்டப்பட்டது. பல லட்சம் ரூபாய்த் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட ஆள் இருந்தது. ஒரு மவுஸுக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லை.

இது புதுக்கதை அல்ல. நம் நாட்டில் பள்ளிகளுக்குக் கணினி கொடுக்கும் முதல் பெரிய முயற்சி 1984ல் தொடங்கியது. 'கிளாஸ்' என்று பெயர். இங்கிலாந்திலிருந்து பிபிசி மைக்ரோ என்ற கணினிகளை வரவழைத்து முதலில் 250 பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கு அது பெரிய கனவு. இன்றைய தலைமுறை ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயராவது தெரியும்?

2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதைக் கேலி பேசுகிறவன் இல்லை நான். வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுதான் முதல் கணினி. நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் பலர் அதை வைத்துத்தான் படித்து வேலைக்குப் போனார்கள். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' என்ற இலவச இயங்குதளமும் இருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்கப் பள்ளியில் எத்தனை பேர் இருந்தார்கள்? பொருளை வீடு வரை கொண்டு சேர்த்தோம். அதைப் பயன்படுத்தும் பழக்கத்தை அந்த அளவுக்குக் கொண்டு சேர்க்கவில்லை.

பெரு நாட்டில் இதையே இன்னும் பெரிதாகச் செய்தார்கள். பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் எட்டு லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். பிறகு 319 கிராமப் பள்ளிகளை எடுத்து ஆராய்ந்து பார்த்தார்கள். 2012ல் முடிவு வெளிவந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் பிள்ளைகளிடம் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. இயந்திரம் போய்ச் சேர்ந்த அளவுக்கு ஆசிரியருக்கான பயிற்சி போய்ச் சேரவில்லை. உலகத்தில் எங்கே போனாலும் வகுப்பறைக்கு ஒரே இலக்கணம்தான்: ஆசிரியர் கையில் எடுக்காத பொருள், பிள்ளை கையில் நிற்காது.

சரி, எங்குமே உருப்படவில்லையா? உருப்பட்டிருக்கிறது. நம் மலைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது.

கேரளத்தில் 2001 வாக்கில் 'ஐடி அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். வெளிக் கம்பெனிக்காரர்களை மட்டும் நம்பாமல், வேலையில் இருந்த ஆசிரியர்களையே பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுத்து, மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். கட்டணமில்லாத, திறந்த மென்பொருளை எடுத்துத் தங்கள் பாடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். வருஷா வருஷம் உரிமத்துக்குக் காசு கட்ட வேண்டாம். பழுதானால் பிரித்துப் பார்க்கவும் தடையில்லை. 2017ல் அந்தத் திட்டமே 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. 45,000 வகுப்பறைகளைக் கணினிமயமாக்கும் வேலையை அது எடுத்துச் செய்தது. 2018ல் 'லிட்டில் கைட்ஸ்' என்று பிள்ளைகளுக்கான மன்றங்கள் தொடங்கின. பள்ளியில் உள்ள கருவிகளைப் பார்த்துக்கொள்வதில் அந்தப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது, 2020 ஜூன் 1 அன்றே விக்டர்ஸ் தொலைக்காட்சியில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. அந்தத் தொலைக்காட்சி 2005லேயே தொடங்கி ஓடிக்கொண்டிருந்தது. ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள், திட்டம் மாறவில்லை.

நம்மிடமும் நல்லது உண்டு. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கொரோனா காலத்தில் எத்தனையோ வீடுகளுக்குப் பாடம் கொண்டுபோனது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். குறியீடு அச்சிட்டார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் திறன் வகுப்பறை என்பதை அரசு இலக்காக வைத்தது. கேரளத்தைப் புகழ்வதால் நம்மைத் தாழ்த்துவதாக அர்த்தமில்லை. அவர்கள் பொருளோடு சேர்த்து ஆளையும் வளர்த்தார்கள். அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வோம் என்கிறேன்.

இன்னொரு வெற்றிக் கதை நம் தமிழுக்கே சொந்தம். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று நடத்த, உலகம் முழுக்க உள்ள தமிழர்கள் சம்பளமில்லாமல் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இணையத்தில் ஏற்றினார்கள். கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. அதே காலத்தில் பெரும் செலவில் வந்த எத்தனையோ தளங்கள் இன்று திறப்பதில்லை. இது மட்டும் எப்படி நின்றது? மற்ற காரணங்களை விடுங்கள், ஒன்றைச் சொல்கிறேன். எழுத்துருக் குறியீடு மாறிய காலத்தில் அவர்களும் மாறினார்கள். தொடக்கத்தில் இணையத் தமிழுக்குப் பல முறைகள் இருந்தன, டிஸ்கி என்ற முறையில் அவர்கள் நூல்களைத் தந்தார்கள். யூனிகோடு வந்ததும் நூல்களை அதற்கு மாற்றினார்கள்.

மாற்றாதவர்களின் கதி நமக்குத் தெரியும். பழைய வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த கோப்பை இன்றைய கணினியில் திறந்து பாருங்கள். எழுத்துரு இல்லையென்றால் ஒன்றும் புரியாத குறிகள்தான் வரும். 2010ல் அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. அதற்கு முன்னால் அடித்த எத்தனை பள்ளி ஆண்டுமலர்கள், ஊர் வரலாறுகள், கேள்வித்தாள்கள் இப்படி வாயடைத்துக் கிடக்கின்றன? கணினி போனால் வேறு வாங்கலாம். உள்ளே இருந்தது போனால் எங்கே வாங்குவது?

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. ஓலைச்சுவடி நிரந்தரமில்லை, பூச்சி அரிக்கும், ஒடியும். அதனால் பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் படியெடுத்தார்கள். உ.வே.சா. பத்துப்பாட்டுக்கு ஏடு தேடி நம் ஆழ்வார்திருநகரி வரை வந்தபோது அவருக்குக் கிடைத்தது, தலைமுறை தலைமுறையாகக் கவிராயர் வீட்டில் காத்து வைத்திருந்த செல்வம். பார்த்துக்கொள்ள ஆள் இருந்த வீட்டில் ஏடு பிழைத்தது. இல்லாத வீட்டில் அடுப்புக்கும் ஆற்றுக்கும் போனது.

2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. ஆற்றங்கரை வீடுகளில் பத்திரமும் மதிப்பெண் சான்றிதழும் சேற்றோடு போயின. நகல் வாங்க முடிந்ததென்றால் அந்தப் பதிவு வேறோர் இடத்தில் பத்திரமாக இருந்ததால்தான். ஆகவே தகவல் தொழில்நுட்பமே வேண்டாம் என்று பேசுகிற ஆள் நான் இல்லை. வேண்டும், ஆனால் நிலைக்கிற மாதிரி வேண்டும்.

அடுத்து, பயன்படுத்துகிறவரைக் கேட்டுச் செய்வது. எமிஸ் என்ற கல்வி மேலாண்மைத் தகவல் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். பிள்ளை இந்த ஊரிலிருந்து செங்கல் சூளைக்கோ திருப்பூருக்கோ பெற்றோரோடு போனாலும், படிப்பு அறுந்துவிடாமல் பின்தொடரலாம். அருமையான எண்ணம். ஆனால் பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் வருஷக்கணக்காகச் சொல்லி வருகின்றன. ஒரு செயலி, பிறகு இன்னொரு செயலி, இணையம் கிடைக்காத ஊரில் மொட்டைமாடிக்கு ஏறிச் சிக்னல் தேடும் ஆசிரியர் என்று இளைய நண்பர்கள் சொல்வதைக் கேட்கிறேன். கால்வாய்க்குத் தலைமடையில் தண்ணீர் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். கடைமடைக்கு வருகிறதா என்று பார்த்தால்தான் கால்வாயின் லட்சணம் தெரியும். கணினித் திட்டத்துக்குக் கடைமடை எது? ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளி. அங்கே முதலில் ஒரு பருவம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குக் கொண்டுபோனால் பாதிச் சிக்கல் தீரும்.

பணக்கார நாடுகளும் இதற்கு விலக்கில்லை. பிரிட்டனில் 2002ல், அரசு மருத்துவமனைகளை எல்லாம் ஒரே கணினி வலையில் இணைக்கப் பெரிய திட்டம் போட்டார்கள். பல நூறு கோடி பவுண்டு செலவு. மேலிருந்து ஒப்பந்தம் போட்டு இறக்கினார்கள். அதைப் பயன்படுத்த வேண்டிய மருத்துவர்களையும் செவிலியர்களையும் போதுமான அளவு கலந்துகொள்ளவில்லை என்பது பெரிய குற்றச்சாட்டு. 2011ல் அந்தத் திட்டத்தைக் கலைப்பதாக அறிவித்தார்கள். வெள்ளைக்காரன் அணைக்கட்டு நிற்கிறது, அவன் பேரப்பிள்ளைகளின் கணினித் திட்டம் நிற்கவில்லை!

இப்போது ஒரு கேள்வி வரும். "பராமரிப்பை ஊரும் பள்ளியும் பார்க்கட்டும் என்றால், அரசாங்கம் கையைக் கழுவிக்கொள்ளாதா?" நியாயமான கேள்வி. குடிமராமத்து என்ற சொல்லை நானும் கண்ணை மூடிக்கொண்டு புகழவில்லை. அந்தக் காலத்தில் மண்வெட்டி பிடித்தவர்கள் ஒரு சாரார், வயலும் விளைச்சலும் வேறு சாரார். 1858ல் வெள்ளைக்கார அரசு அதற்குக் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது. அது மறுபடி வேண்டாம். ஆசிரியர் தலையில் கூலியில்லாத இன்னொரு வேலையைக் கட்டுவதும், பெற்றோரிடம் வசூல் செய்வதும் நான் கேட்பது அல்ல. காசு அரசாங்கத்தின் காசாகவே இருக்கட்டும். சின்னச் செலவை முடிவு செய்யும் உரிமை பள்ளிக்கு வரட்டும். பார்த்துக்கொள்ளும் ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். இவ்வளவுதான் கேட்கிறேன்.

நடக்கக்கூடிய காரியமா? நடந்திருக்கிறது. கன்னடியன் கால்வாய்ப் பக்கம் ஓர் ஊரில், செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வருவார். தூசி தட்டுவார், கம்பியைச் சரிபார்ப்பார், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். "எய்யா, இதத் திறந்து பாரு, கடிக்காது" என்பார். ஒரு நோட்டில் என்ன பழுது, என்ன செய்தோம், எவ்வளவு செலவு என்று எழுதி வைத்திருந்தார்கள். தலைமையாசிரியரும் மேலாண்மைக் குழுவும் அதில் கையெழுத்துப் போடுவார்கள். அந்தப் பள்ளியின் பழைய கணினிகள் நான் போனபோதும் ஓடிக்கொண்டிருந்தன. மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் என் மாணவனிடம் இதைச் சொன்னபோது, "சார், இதத்தான் நாங்க பெரிய பேர் வச்சு, ஆளுக்கு லட்ச ரூபாய் குடுத்து ட்ரெய்னிங் எடுக்கோம்" என்று சிரித்தான்.

2022லும் 2024லும் நம் பள்ளிகளில் மேலாண்மைக் குழுக்களை மாற்றி அமைத்தார்கள். பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை, முன்னாள் மாணவர்களுக்கும் இப்போது இடம் உண்டு. அந்தக் கூட்டங்களில் டீ, பிஸ்கட்டோடு எழுந்து வந்துவிடாதீர்கள். கணினியோ திறன்பலகையோ வந்திருக்கிறதென்றால் இந்த நான்கையும் கேளுங்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

1. உத்தரவாதமும் பராமரிப்பு ஒப்பந்தமும் எந்தத் தேதியில் முடிகின்றன? அந்தத் தேதியை அறைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். முடிவதற்கு ஆறு மாதம் முன்பே மேலே கடிதம் போகட்டும்.

2. பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும்? எத்தனை நாளில் வர வேண்டும்? வராவிட்டால் யாரிடம் முறையிடுவது?

3. ஆயிரம் ரூபாய்க்குள் சரியாகும் பழுதை யார் முடிவெடுத்துச் சரிசெய்யலாம்? பள்ளி மானியத்தில் அதற்கென்று ஒரு சிறு தொகையை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒதுக்க முடியுமா?

4. போன வாரம் எந்தெந்த வகுப்பு, எத்தனை மணி நேரம் பயன்படுத்தியது? பூட்டிய அறைக்குப் பராமரிப்புச் செலவு குறைவுதான், ஆனால் அதற்காகவா வாங்கினோம்?

நன்கொடை தரும் வெளியூர் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' வழியாகவோ நேரடியாகவோ பத்துக் கணினி கொடுக்க நினைத்தால் எட்டு கொடுங்கள். மீதி இரண்டின் காசை அடுத்த ஐந்து வருஷத்துப் பேட்டரிக்கும் பழுதுக்கும் ஒதுக்கிக் கொடுங்கள். படத்தில் எட்டுதான் தெரியும். ஆனால் ஐந்தாம் வருஷமும் எட்டு ஓடும். பத்தும் கொடுத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு வீட்டில் வேறு கணினி இல்லை. தனியார் பள்ளியில் ஓர் இயந்திரம் கெட்டால் கட்டணம் கட்டிய பெற்றோர் மறுநாளே வாசலில் நிற்பார்கள். இங்கே கேட்க ஆள் இல்லை. அந்த அறை இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்தால், ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை எட்டு முடித்துப் போய்விடும். பிறகு கல்லூரிச் சேர்க்கைக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் காசு கொடுத்து அடுத்தவரைத் தட்டச்சு செய்யச் சொல்லும். மவுஸ் பழுதானதில் நஷ்டப்பட்டது யார் என்று கணக்குப் போட்டால், விடை அந்தப் பிள்ளைதான்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் கணினி அறை எப்படி இருக்கிறது? நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். நன்றாக ஓடுகிற பள்ளி என்றால் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பூட்டிக் கிடந்தால் சாவி யாரிடம் என்று முதலில் விசாரியுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி